பி.டி-எல்1 ஆன்டிபாடி: 33 கிலோடால்டனில் வர வேண்டிய பேண்ட் 50 பக்கம் நிற்கிறது, ஃப்ளோவில் ஒன்றுமே இல்லை

#1 நொய்யல்கரை (கோவை)

வணக்கமுங்க. வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைப்படி ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் காண்பது) ஒரு குழப்பம். மனித பி.டி-எல்1 புரதத்துக்கான (நோயெதிர்ப்பு செல்லை அடக்கும், செல் மேல்பரப்பில் நிற்கும் புரதம்) முயல் மோனோகுளோனல் ஆன்டிபாடி, இ1எல்3என் குளோன். செல்கள் எம்டிஏ-எம்பி-231, எம்சிஎஃப்-7. ரிபா பஃபரில் லைசேட் (செல்களை உடைத்தெடுத்த சாறு), லேனுக்கு 30 மைக்ரோகிராம், 10 சதவீத ஜெல், பிவிடிஎஃப் மெம்பிரேன். 5 சதவீதப் பாலில் பிளாக்கிங், முதல் ஆன்டிபாடி 1:1000, ராத்திரி முழுக்க 4 டிகிரியில். லோடிங் கன்ட்ரோல் (எல்லா லேனிலும் சம அளவு ஏறியதா என்று காட்டும் புரதம்) பீட்டா ஆக்டின்.

231இல் 45க்கும் 55க்கும் நடுவே அகலமாக, ஓரம் கலங்கிய ஒரு பேண்ட். எம்சிஎஃப்-7இல் அந்த இடம் கிட்டத்தட்ட வெறுமை. ஆனால் அமினோ அமில வரிசையை வைத்துக் கணக்குப் போட்டால் 33 கிலோடால்டன்தான் வருகிறது. அந்த இடத்தில் ஒன்றுமில்லை.

அதே ஆன்டிபாடியை உயிருள்ள 231 செல்களில் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குப் (சாயம் ஏறிய செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளப்பது) போட்டால் ஐசோடைப் கன்ட்ரோலோடு (அதே வகை, ஆனால் இந்தப் புரதத்தைப் பிடிக்காத ஆன்டிபாடி) ஒட்டிக்கொண்டே இருக்கிறது, துளியும் நகரவில்லை. ஆன்டிபாடி வழியில் கெட்டுப்போனதா, வேறு ஏதோ புரதத்தைப் பிடிக்கிறதா? புதுசு ஆர்டர் போடுவதற்கு முன்னால் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

#2 அமராவதி (கரூர்)

17 கிலோடால்டன் வித்தியாசம் என்பது சின்ன விஷயம் இல்லைங்க. நான்-ஸ்பெசிஃபிக் பேண்டாக இருக்கலாம். பிளாக்கிங்கைப் பாலிலிருந்து பிஎஸ்ஏவுக்கு (மாட்டு ரத்த அல்புமின்) மாற்றுங்க, முதல் ஆன்டிபாடியை 1:2000க்குக் கொண்டுபோங்க. அப்போதும் அதே இடத்தில் நின்றால் வேறு குளோன் வாங்குவதுதான் வழி.

#3 பவானிக்கூடல் (ஈரோடு)

வேறு குளோன் வாங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்க. #1இல் இருக்கும் விவரமே ஆன்டிபாடி நன்றாக வேலை செய்கிறது என்று சொல்கிறது.

பி.டி-எல்1 மொத்தம் 290 அமினோ அமிலம். 33 கிலோடால்டன் என்பது அந்தச் சங்கிலியின் எடை மட்டும். செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் 35, 192, 200, 219 ஆகிய நான்கு இடங்களில் ஆஸ்பராஜின்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஏறுகின்றன. இந்தச் சுமையோடு ஜெல்லில் ஓடும்போது 45 முதல் 55 வரை தெரிவதுதான் இந்தப் புரதத்தின் இயல்பு. ஒவ்வொரு மூலக்கூறிலும் சர்க்கரையின் நீளம் ஒரே மாதிரி இருக்காது. அதனால்தான் கோடு கிழித்த மாதிரி இல்லாமல் ஓரம் கலங்கி அகலமாக வருகிறது. 33இல் கூர்மையான ஒற்றை பேண்ட் மட்டும் வந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

231 பி.டி-எல்1 நிறைய உள்ள செல், எம்சிஎஃப்-7 குறைவாக உள்ள செல். உங்கள் பிளாட்டும் அதையே காட்டுகிறது.

ஆனாலும் "இயல்பு" என்று ஆய்வேட்டில் எழுதினால் போதாது, காட்ட வேண்டும். பிஎன்ஜிஏஸ்-எஃப் என்சைமால் சர்க்கரையை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்க:

20 மைக்ரோகிராம் லைசேட்டை 0.5 சதவீத எஸ்டிஎஸ், 40 மில்லிமோலார் டிடிடியோடு 100 டிகிரியில் 10 நிமிடம் வையுங்க. ஆறிய பிறகு என்பி-40ஐ 1 சதவீதம் வருமாறு சேர்க்கணும். இதை விட்டுவிட்டால் எஸ்டிஎஸ் அந்த என்சைமையே முடக்கிவிடும். "டீகிளைகோசிலேஷன் நடக்கவில்லை" என்று வரும் புலம்பலில் பாதிக்குக் காரணம் இதுதான். பிறகு என்சைம் சேர்த்து 37 டிகிரியில் 1 மணி நேரம். பக்கத்தில் என்சைம் மட்டும் இல்லாத, மற்றதெல்லாம் ஒன்றான இன்னொரு குழாய் கட்டாயம் வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்த லேனில் ஓட்டினால் 50 பக்கம் இருந்தது 33 பக்கம் இறங்கி, கூர்மையாகத் தெரியணும்.

எண்டோ-எச் என்சைமை இதற்குப் பதிலாகப் போடாதீங்க. அது மானோஸ் மிகுந்த, இன்னும் முற்றாத சர்க்கரையைத்தான் வெட்டும். செல்லின் மேல்பரப்புக்கு வந்து சேர்ந்த பி.டி-எல்1இல் பெரும்பாலும் முற்றிய சர்க்கரைதான் இருக்கும்.

இன்னொன்று. உங்கள் லோடிங் கன்ட்ரோல் ஆக்டின் 42 கிலோடால்டன். பி.டி-எல்1 பேண்டின் கீழ் ஓரம் அதோடு உரசும். ஒரே மெம்பிரேனில் இரண்டையும் பார்ப்பதானால் 37இல் வரும் ஜிஏபிடிஎச் அல்லது 120 பக்கம் வரும் வின்குலின் எடுத்துக்கோங்க. ஸ்ட்ரிப் செய்து மறுபடி ஆக்டின் போடுவது எனக்கு உடன்பாடில்லை. மிச்சம் நின்ற சிக்னலை ஆக்டின் என்று எண்ணிவிட வாய்ப்பு அதிகம்.

#4 நொய்யல்கரை

நன்றிங்ணா. பிஎன்ஜிஏஸ்-எஃப் பக்கத்து லேபில் இருக்கிறது, கேட்டு வாங்கிவிடலாம். சர்க்கரையைக் காட்டிவிட்டால் அது பி.டி-எல்1தான் என்று நிரூபணம் ஆகிவிடுமா, இல்லை இன்னும் கன்ட்ரோல் வேணுமா? ஃப்ளோ ஏன் வரவில்லை என்பதும் இன்னும் புரியவில்லை.

#5 பவானிக்கூடல்

ஆகாது தம்பி. செல் மேல்பரப்பில் சர்க்கரை ஏறிய புரதம் எத்தனையோ இருக்கிறது. பேண்ட் இறங்கினால் அது ஒரு கிளைகோபுரதம், வெற்றுச் சங்கிலியின் எடை பி.டி-எல்1ஓடு ஒத்துப்போகிறது என்ற அளவுக்குத்தான் சொல்லலாம்.

2016இல் ஆன்டிபாடி சரிபார்ப்புக்கென்று ஒரு பன்னாட்டுக் குழு ஐந்து வழிகளைப் பரிந்துரைத்தது: ஜீனை நீக்கியோ அடக்கியோ பார்ப்பது, ஆன்டிபாடி சாராத வேறு முறையோடு ஒப்பிடுவது, வேறு எபிடோப்பைப் (புரதத்தில் ஆன்டிபாடி ஒட்டும் இடம்) பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி, டேக் சேர்த்த புரதம், பிடித்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் அடையாளம் காண்பது. ஐந்தும் தேவையில்லை. நம் ஊர் லேப் வசதிக்குக் கைக்கு எட்டுவது முதல் மூன்று.

முதலாவதுதான் ராஜா. பி.டி-எல்1ஐத் தரும் சிடி274 ஜீனுக்கு எஸ்ஐஆர்என்ஏ (ஜீனை அடக்கும் சிறு ஆர்என்ஏ) போட்டு 48 முதல் 72 மணி நேரத்தில் லைசேட் எடுங்க. பி.டி-எல்1 சட்டென்று சிதையாத புரதம் என்பதால் 24 மணியில் எம்ஆர்என்ஏ விழுந்திருக்கும், புரதம் அப்படியே நிற்கும். அதைப் பார்த்து "ஆன்டிபாடி பொய்" என்று முடிவுகட்டக் கூடாது. இரண்டு வேறு வரிசையுள்ள எஸ்ஐஆர்என்ஏ, கன்ட்ரோலுக்கு எந்த ஜீனையும் குறிவைக்காத ஒரு ஸ்கிராம்பிள்டு. கிரிஸ்பரில் ஜீன் நீக்கிய செல் கிடைத்தால் இன்னும் நல்லது.

எதிர்த் திசையிலும் தள்ளிப் பாருங்க. இன்டர்ஃபெரான் காமா மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 நானோகிராம், 24 முதல் 48 மணி நேரம். ஜேக்-ஸ்டாட்1 வழியாக ஐஆர்எஃப்1 ஏறி, அது சிடி274ஐத் தூண்டும். 231இல் ஏற்கெனவே நிறைய இருப்பதால் ஏற்றம் அவ்வளவாகத் தெரியாது. குறைவாக உள்ள செல்லில்தான் இந்தச் சோதனை நன்றாகப் பேசும். ஒரு எச்சரிக்கை: மனித இன்டர்ஃபெரான் காமா எலி செல்லில் வேலை செய்யாது, எலியினுடையது மனித செல்லிலும் செய்யாது. ஃப்ரீசரில் இருக்கும் குப்பியில் எந்த உயிரினம் என்று பார்த்துவிட்டு எடுங்க.

#6 சென்னிமலை (பெருந்துறை)

ஃப்ளோ கேள்விக்கு வருகிறேன். இந்த இழையில் பேச வேண்டிய முக்கிய விஷயமே எபிடோப் எங்கே இருக்கிறது என்பதுதான்.

பி.டி-எல்1இல் வெளியே நிற்பது இரண்டு இம்யூனோகுளோபுலின் மடிப்புகள், பிறகு சவ்வைத் துளைத்துப் போகும் ஒரு துண்டு, செல்லுக்குள்ளே சுமார் 30 அமினோ அமிலம் மட்டுமே உள்ள சின்ன வால். இ1எல்3என் பிடிப்பது அந்த உள்வாலை. உயிருள்ள செல்லின் சவ்வு ஆன்டிபாடியை உள்ளே விடாது. அதனால் உங்கள் ஃப்ளோவில் ஒன்றும் வராததுதான் சரியான விடை. அப்படியே சிக்னல் வந்திருந்தாலும் அது செத்த செல்களில் ஊறியதாகத்தான் இருந்திருக்கும்.

உயிருள்ள செல் மேல்பரப்புக்கு எம்ஐஎச்1 அல்லது 29இ.2ஏ3. இரண்டும் எலி ஆன்டிபாடி, வெளிப்பகுதியைப் பிடிப்பவை. எம்ஐஎச்1 ஐஜிஜி1 கப்பா, 29இ.2ஏ3 ஐஜிஜி2பி கப்பா. ஐசோடைப் கன்ட்ரோல் வாங்கும்போது இந்த வித்தியாசத்தைப் பார்க்கணும்.

கைவேலை இப்படி:

செல்லை டிரிப்சினால் எடுக்காதீங்க. மேல்பரப்புப் புரதங்களை அது நறுக்கிவிடக்கூடும். 2 முதல் 5 மில்லிமோலார் ஈடிடிஏ உள்ள பிபிஎஸ் அல்லது அக்யூடேஸ் போதும். குழாய்க்கு 10 லட்சம் செல், 100 மைக்ரோலிட்டரில். பஃபர் என்றால் 2 சதவீத எஃப்பிஎஸ், 2 மில்லிமோலார் ஈடிடிஏ சேர்த்த பிபிஎஸ். முதலில் உயிர்-சாவு சாயம். இது அமைனைப் பிடிக்கும் வகை என்றால் எஃப்பிஎஸ், டிரிஸ் எதுவும் இல்லாத வெறும் பிபிஎஸ்ஸில் போடணும், இல்லாவிட்டால் சாயம் பஃபரிலேயே செலவாகிவிடும். பிறகு எஃப்சி பிளாக் 10 நிமிடம். 231க்கு இது அவ்வளவு அவசியமில்லை, மோனோசைட், டென்ட்ரிடிக் செல் என்றால் தவிர்க்கவே கூடாது. ஆன்டிபாடி, ஐஸில், இருட்டில் 30 நிமிடம். 300 முதல் 400 ஜியில் 5 நிமிடம், இரண்டு கழுவு.

அளவைக் குப்பியில் போட்டபடி நம்பாதீங்க, டைட்ரேட் செய்யணும். 1 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 0.5, 0.25, 0.125, 0.06 என்று பாதிப்பாதியாக இறக்குங்க. ஒவ்வொன்றிலும் ஸ்டெயின் இன்டெக்ஸ் கணக்கு: பாசிட்டிவ் மீடியனிலிருந்து நெகட்டிவ் மீடியனைக் கழித்து, நெகட்டிவின் திட்டவிலக்கத்தின் இரு மடங்கால் வகுங்க. உச்சம் எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் அளவு. பெரும்பாலும் சொன்ன அளவைவிடக் குறைவாகவே வரும்; குப்பியும் கூடுதல் நாள் ஓடும்.

இ1எல்3என்னையே ஃப்ளோவுக்குப் பயன்படுத்தியாகணும் என்றால் வழி இருக்கிறது. 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம், பிறகு ஐஸ் குளிரில் இருக்கும் 90 சதவீத மெத்தனாலில் 30 நிமிடம், அப்புறம் ஆன்டிபாடி. பிஇ, ஏபிசி போன்ற புரதச் சாயங்களை மெத்தனாலுக்கு முன்னால் போட்டிருந்தால் அவை பாழ். இந்த முறையில் தெரிவது செல்லின் மொத்த பி.டி-எல்1, மேல்பரப்பில் உள்ளது அல்ல. பி.டி-எல்1 உள்ளே போவதும் எண்டோசோமிலிருந்து திரும்ப மேலே வருவதுமாக இருக்கும். அதை அழிவிலிருந்து காத்து மேலே திருப்பி அனுப்புவது சிஎம்டிஎம்6 என்ற புரதம் என்று 2017இல் தெரியவந்தது. ஆகவே வெஸ்டர்னில் அதிகம், ஃப்ளோவில் குறைவு என்று வந்தால் அது முரண்பாடு இல்லை. அதுவே ஒரு விடையாக இருக்கலாம்.

#7 அமராவதி

எபிடோப் விளக்கம் தெளிவாக இருக்கிறது. பேண்ட் விஷயத்தில் பவானிக்கூடல் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். பால் விஷயத்தில் மட்டும் என் கருத்தை விட மாட்டேன். முதல் ஆன்டிபாடியைப் பாலில் கரைப்பதும் பிஎஸ்ஏவில் கரைப்பதும் ஒன்றல்ல. பி.டி-எல்1 குறைவாக உள்ள செல்லில் மெல்லிய சிக்னலைத் தேடும்போது பால் அதை விழுங்கிவிடும்.

சென்னிமலையிடம் ஒரு கேள்வி: ஐசோடைப் கன்ட்ரோலை வைத்து கேட் (பாசிட்டிவ், நெகட்டிவ் செல்லைப் பிரிக்கும் எல்லைக்கோடு) வரையலாமா?

#8 சென்னிமலை

வரையக் கூடாதுங்க. ஐசோடைப் ஆன்டிபாடியின் செறிவு, ஒரு மூலக்கூறில் ஏறிய சாயத்தின் எண்ணிக்கை, இரண்டும் உங்கள் ஆன்டிபாடியோடு ஒத்திருக்கும் என்று உறுதியில்லை. பொதுவான ஒட்டல் எவ்வளவு என்று ஒரு பார்வை பார்க்க அது உதவும், அவ்வளவுதான். எல்லைக்கோடு எஃப்எம்ஓவிலிருந்து வரணும்: எல்லாச் சாயமும் இருக்கும், பி.டி-எல்1 மட்டும் இருக்காது. ஜீன் நீக்கிய செல் இருந்தால் எஃப்எம்ஓவையும்விட அது மேல்.

பி.டி-எல்1 பல செல்களில் இரண்டு மலைமுகடாகப் பிரியாது, ஒரே கூட்டமாக வலப்பக்கம் நகரும். அந்த மாதிரி இடத்தில் "எத்தனை சதவீதம் பாசிட்டிவ்" என்று எழுதுவதைவிட மீடியன் ஒளிச்செறிவின் மாற்றத்தை எழுதுவதுதான் நேர்மை.

எலி மாடலில் சிகிச்சைக்கு 10எஃப்.9ஜி2 (எலி பி.டி-எல்1ஐத் தடுக்கும் ஆன்டிபாடி) ஊசி போட்டுவிட்டு அதே குளோனை வைத்து ஃப்ளோ பார்ப்பவர்கள் உண்டு. ஊசி போட்ட ஆன்டிபாடி எபிடோப்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும், சாயம் ஏற்றியது ஒட்ட இடமிருக்காது. "சிகிச்சையால் பி.டி-எல்1 காணாமல் போனது" என்று தப்பான முடிவு அங்கேதான் பிறக்கிறது.

#9 பவானிக்கூடல்

பால் பற்றி. அமராவதி சொல்வதில் பாதி சரி. பிளாக்கிங் பாலில், முதல் ஆன்டிபாடி 5 சதவீத பிஎஸ்ஏ சேர்த்த டிபிஎஸ்டியில் என்று பிரித்துக்கொள்வது இந்தக் குளோனுக்கு நல்ல ஏற்பாடு. டிபிஎஸ்டியில் ட்வீன்-20 0.1 சதவீதம்.

கடையில் பால் பவுடர் வாங்கும்போது பாக்கெட்டைப் படியுங்க. டீக்கு விற்கும் டெய்ரி ஒயிட்னர் சரிப்படாது, அதில் சர்க்கரை சேர்ந்திருக்கும், கொழுப்பும் இருக்கும். கொழுப்பு நீக்கிய, வேறு எதுவும் சேர்க்காத பவுடர் வேணும். கரைத்த பிறகு 3000 ஜியில் 5 நிமிடம் சுற்றி அடியை விட்டுவிட்டு மேலே இருப்பதை எடுத்தால் மெம்பிரேனில் கரும்புள்ளி வராது. ஆட்டு ஆன்டிபாடியை முதலாவதாக வைத்து ஆன்டி-கோட் இரண்டாவது போடுகிறவர்கள் பாலை விட்டே விலகணும். பாலில் உள்ள மாட்டு ஐஜிஜியையும் அது பிடிக்கும், மெம்பிரேன் முழுக்கக் கறுக்கும். அவிடின்-பயோடின் முறைக்கும் பால் ஆகாது, பயோடின் அதிலேயே இருக்கிறது.

கரைத்த முதல் ஆன்டிபாடியைச் சேமிக்க 0.02 சதவீத சோடியம் அசைடு போட்டு 4 டிகிரியில் வைத்தால் பிஎஸ்ஏவில் கரைத்தது சில முறை பயன்படும். எச்ஆர்பி (சிக்னல் தரும் என்சைம்) ஏறிய இரண்டாவது ஆன்டிபாடியில் மட்டும் அசைடு படவே கூடாது, அது எச்ஆர்பியை முடக்கும்.

100 மைக்ரோலிட்டர் குப்பியில் 10 மில்லிலிட்டர் கரைசலுக்கு 10 மைக்ரோலிட்டர் என்றால் பத்து பிளாட்டோடு தீர்ந்தது. மெம்பிரேனை 30 முதல் 70 கிலோடால்டன் பட்டையாக வெட்டி, 50 மில்லிலிட்டர் குழாயின் உள்சுவரில் புரதப் பக்கம் உள்நோக்கி ஒட்டி, ரோலரில் 3 மில்லிலிட்டரில் ஓட்டுங்க. மூன்று மடங்கு மிச்சம். ஆனால் முதல் தடவை முழு மெம்பிரேனையும் ஓட்டிப் படம் எடுத்து வைத்துக்கொள்வது கட்டாயம். இதழ்கள் வெட்டாத பிளாட்டைக் கேட்கின்றன, கேட்பதும் நியாயம்தான்.

தண்ணீர்: கோவையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினம். சிறுவாணி மென்மையான தண்ணீர் என்றாலும் குழாயில் வருவது குளோரின் கலந்தது. பஃபர் எதுவானாலும் மில்லி-க்யூ அல்லது கண்ணாடி டிஸ்டிலேஷனில் எடுத்தது மட்டும். போர் தண்ணீரில் கழுவிய பாட்டிலைக் கடைசியாக ஒரு முறை மில்லி-க்யூ அல்லது டிஸ்டில்டு தண்ணீரால் அலசிவிட்டுக் கரைசல் ஊற்றுங்க.

#10 பேரூர் (கோவை)

திசு வெட்டில் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி (ஆன்டிபாடியால் நிறம் ஏற்றிப் பார்ப்பது) பார்க்கப் போகிறவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் இதையும் சேர்க்கிறேன்.

இ1எல்3என் பாராஃபின் வெட்டில் நன்றாகவே வேலை செய்யும். அங்கே சவ்வு ஏற்கெனவே திறந்துவிட்டது, உள்வாலுக்குப் போகத் தடையில்லை. 4 மைக்ரான் வெட்டு. திசுவை எடுத்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போய்விடணும், அதில் 6 முதல் 72 மணி நேரம். அறுவை அரங்கிலிருந்து லேபுக்கு வர மாலை வரை தட்டில் காய்ந்த திசுவை எந்த ஆன்டிபாடியாலும் மீட்க முடியாது. எபிடோப் திறக்க ஈடிடிஏ பஃபர், பிஎச் 8 முதல் 9, பிரஷர் குக்கரில் 15 முதல் 20 நிமிடம், அதே பஃபரிலேயே 20 நிமிடம் ஆற விடுங்க. சூட்டோடு எடுத்தால் வெட்டு சிலைடிலிருந்து கழன்று மிதக்கும். சிலைடு சார்ஜ் ஏறிய வகையாக இருக்கணும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம். ஆன்டிபாடிக்கு 1:100, 1:200, 1:400 என்று மூன்று அளவிலும் டான்சிலில் பாருங்க.

கன்ட்ரோல் டான்சில்தான். கிரிப்ட் எபிதீலியம் திடமாக நிறம் ஏறணும், ஜெர்மினல் சென்டரில் மேக்ரோஃபேஜ்கள் மெல்லியதாக, மேல்பரப்பு செதிள் எபிதீலியம் வெறுமையாக. ஒரே சிலைடில் வலு, மெலிவு, வெறுமை மூன்றும் கிடைத்துவிடும். நஞ்சுக்கொடியின் சின்சிஷியோட்ரோஃபோபிளாஸ்டும் நல்ல பாசிட்டிவ். புற்று செல்லில் எண்ணுவது சவ்வுக் கோட்டை மட்டுமே. சைட்டோபிளாசம் மட்டும் பழுப்பாக இருந்தால் கணக்கில் சேராது. வெட்டிய சிலைடை அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் வைத்தால் பி.டி-எல்1 மங்கும். ஓட்டும் வாரத்தில் வெட்டுங்க.

மற்ற பி.டி-எல்1 குளோன்களில் 22சி3, 28-8 இரண்டும் வெளிப்பகுதியைப் பிடிப்பவை. எஸ்பி142, எஸ்பி263 உள்வாலை. 2017இல் வெளியான புளூபிரின்ட் ஒப்பீட்டில் நுரையீரல் புற்றுத் திசுக்களில் 22சி3, 28-8, எஸ்பி263 மூன்றும் நெருங்கி வந்தன, எஸ்பி142 மட்டும் குறைந்த புற்று செல்களில் நிறம் காட்டியது. உள்வாலைப் பிடிக்கும் இரண்டே தங்களுக்குள் வேறுபடுகின்றன என்பதைக் கவனியுங்க. எபிடோப் மட்டும் அல்ல, நிறம் பெருக்கும் முறை, மெஷின், எல்லைக்கோடு எல்லாம் சேர்ந்துதான் விடை. ஒரு குளோனின் சதவீதத்தை இன்னொன்றின் சதவீதத்தோடு அட்டவணையில் பக்கத்தில் வைக்காதீங்க.

இதை அழுத்திச் சொல்கிறேன்: குப்பியில் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுதியிருக்கும் ஆன்டிபாடியால் வந்த முடிவு நோயாளியின் ரிப்போர்ட்டில் ஏறவே கூடாது. நம் ஊர் மருத்துவமனைகளில் ஆராய்ச்சியும் சிகிச்சையும் ஒரே கட்டடத்தில் நடப்பதால் "சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்ற கோரிக்கை வரும். மருத்துவப் பரிசோதனைக்கான ரீஏஜென்ட் இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின் கீழ் வருவது. பி.டி-எல்1 வழியைத் தடுக்கும் சிகிச்சையை ஒருவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதே இந்தச் சதவீதத்தின்மேல் நிற்கலாம்.

#11 முட்டைக்கரு (நாமக்கல்)

கால்நடைப் பக்கம் இருந்து ஒரு கேள்வி, ஒரு தகவல். இ1எல்3என் கோழியிலோ வெள்ளாட்டிலோ பிடிக்குமா என்று இங்கே மாணவர்கள் கேட்கிறார்கள். எலிக்கே பிடிக்காதது கோழிக்குப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாதுதானே?

தகவல்: பாலூட்டிகளுக்குள் அதிகம் மாறாத புரதங்களுக்கு முயலைவிடக் கோழி நல்ல ஆன்டிபாடி தரும். பரிணாமத்தில் தள்ளி இருப்பதால் அதன் உடல் அதை அந்நியமாகப் பார்க்கிறது. ஆன்டிபாடி முட்டைக் கருவில் ஐஜிஒய்யாக இறங்குகிறது, ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு முட்டையில் 50 முதல் 100 மில்லிகிராம் ஐஜிஒய், அதில் நமக்கு வேண்டியது 2 முதல் 10 சதவீதம். பிரித்தெடுக்க பிஇஜி 6000 போதும்: கருவைச் சவ்விலிருந்து வடித்து, இரு பங்கு பிபிஎஸ் சேர்த்து, 3.5 சதவீத பிஇஜியில் கொழுப்பை இறக்கி, வடிகட்டியதில் மொத்தம் 12 சதவீதம் வரும்படி மறுபடி பிஇஜி போட்டால் ஐஜிஒய் அடியில் இறங்கும். 10,000 ஜி, 20 நிமிடம், 4 டிகிரி.

இரண்டு எச்சரிக்கை. ஐஜிஒய் புரோட்டீன்-ஏ, புரோட்டீன்-ஜி எதிலும் ஒட்டாது. அவை ஏற்றிய சுத்திகரிப்புக் காலம் (column) வாங்கிக் காசை வீணாக்காதீங்க. ஆன்டிஜென் ஏற்றிய காலம்தான் வேணும், இரண்டாவதாக ஆன்டி-சிக்கன் ஐஜிஒய் வேணும். அடுத்தது, பண்ணைக் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் முதல் பல தடுப்பூசிகள் போட்டிருப்பதால் கருவில் அந்த ஆன்டிபாடியெல்லாம் இருக்கும். ஊசி போடுவதற்கு முந்தைய, அதே கோழியின் முட்டையிலிருந்து எடுத்த ஐஜிஒய்தான் சரியான கன்ட்ரோல், கடை முட்டை அல்ல. விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வாங்கிய பிறகே எல்லாம்.

#12 சென்னிமலை

சரியாகச் சொன்னீங்க. இ1எல்3என் மனித பி.டி-எல்1க்கு மட்டும். மனிதனுக்கும் எலிக்கும் இந்தப் புரதத்தின் வரிசை சுமார் 70 சதவீதம்தான் ஒத்துப்போகிறது. வெள்ளாட்டுக்கோ கோழிக்கோ போவதற்கு முன் அந்த உயிரினத்தின் கடைசி 30 அமினோ அமிலத்தை மனிதனோடு வரிசையாக வைத்துப் பாருங்க. அதோடு அந்த ஜீனை எச்இகே293 செல்லில் வெளிப்படுத்தி, காலி வெக்டர் போட்ட செல்லோடு ஒரு பிளாட். அங்கே பேண்ட் வராத ஆன்டிபாடியைத் திசுவில் போட்டு நேரம் கழிக்க வேண்டாம்.

#13 நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றிங்க, நிறைய தெளிவாகிவிட்டது. இன்னும் இரண்டு. ஒன்று, குப்பி பெங்களூரிலிருந்து சேலம் வழியாக வேனில் வந்தது, ஜெல் பேக் உருகித்தான் இருந்தது. கெட்டிருக்குமா? இரண்டாவது, அடுத்து இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் லைசேட்டிலிருந்து புரதத்தை இழுத்தெடுப்பது) செய்து பி.டி-எல்1ஓடு சேரும் புரதங்களைப் பார்க்கணும். இதே ஆன்டிபாடியால் இழுத்து இதே ஆன்டிபாடியால் பிளாட் போடலாமா?

#14 பவானிக்கூடல்

ஜெல் பேக் உருகியதற்குக் கலங்காதீங்க. ஐஜிஜி உறுதியான மூலக்கூறு, ஓரிரு நாள் அறை வெப்பத்தில் இருந்து பெரிதாக ஒன்றும் ஆகாது. உங்கள் 231 லேனே அதற்குச் சாட்சி. சித்திரை வெயிலில் டிக்கியில் கிடந்தால் வேறு கதை. அதைவிட அதிகம் ஆன்டிபாடியைக் கெடுப்பது உறைந்து உருகி உறைந்து உருகுவது. 50 சதவீத கிளிசரால் உள்ள குப்பி மைனஸ் 20இல் உறையாது, அதைப் பிரிக்காமல் அப்படியே வையுங்க. கிளிசரால் இல்லாதது என்றால் 10 மைக்ரோலிட்டருக்குக் குறையாமல் பிரித்து உறைய வையுங்க. அதற்கும் குறைந்தால் குழாய்ச் சுவரில் ஒட்டியே பாதி போய்விடும். தானாகப் பனி கரைக்கும் ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம், அது கரைக்கும்போதெல்லாம் சூடேறி இறங்கும். கரண்ட் போகும் ஊர் என்றால் குப்பியை உறைந்த ஜெல் பேக்குகளுக்கு நடுவில் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பெட்டியோடு ஃப்ரீசரில் வையுங்க. சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகள் 4 டிகிரி, இருட்டு, உறையவே கூடாது.

இம்யூனோபிரெசிபிடேஷன் கேள்வி நல்ல நேரத்தில் வந்தது. அதே முயல் ஆன்டிபாடியால் இழுத்து அதே முயல் ஆன்டிபாடியால் பிளாட் போட்டால், இரண்டாவது ஆன்டிபாடி இழுப்பதற்குப் போட்ட ஐஜிஜியையும் சேர்த்துப் பிடிக்கும். அதன் கனச் சங்கிலி 50 கிலோடால்டன், லேசான சங்கிலி 25. உங்கள் பி.டி-எல்1 நிற்பதும் 50 பக்கம்தான். கனச் சங்கிலியை பி.டி-எல்1 என்று எண்ணிப் பக்கம் பக்கமாக எழுத இந்த ஒரு தற்செயல் போதும்.

வழி: இழுப்பதற்கு எலி ஆன்டிபாடி, 29இ.2ஏ3 மாதிரி வெளிப்பகுதியைப் பிடிப்பது. பிளாட்டுக்கு இ1எல்3என். இரண்டாவது, எலி ஐஜிஜியோடு ஒட்டாமல் வடித்தெடுத்த ஆன்டி-ராபிட். இப்படி வைத்தால் வெளிப்பகுதி, உள்வால் என இரண்டு வேறு எபிடோப்பும் ஒரே புரதத்தைக் காட்டிவிடும். #5இல் சொன்ன மூன்றாவது சரிபார்ப்பு கூடவே முடிந்தது. லைசிஸ் பஃபரை மட்டும் மாற்றணும். ரிபாவில் உள்ள எஸ்டிஎஸ், டீஆக்சிகோலேட் இரண்டும் சேர்ந்திருக்கும் புரதங்களைப் பிரித்துவிடும். 1 சதவீத என்பி-40, 150 மில்லிமோலார் உப்பு, 50 மில்லிமோலார் டிரிஸ் பிஎச் 7.4 போதும். பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலார், செல்லில் ஊற்றுவதற்குச் சற்று முன். தண்ணீரில் அது சீக்கிரம் சிதையும். 500 மைக்ரோகிராம் லைசேட்டுக்கு 2 மைக்ரோகிராம் ஆன்டிபாடியில் ஆரம்பியுங்க.

ஒரே ஆன்டிபாடிதான் கையில் இருக்கிறது என்றால், இழுத்ததை பிஎன்ஜிஏஸ்-எஃப்பில் வெட்டுங்க. பி.டி-எல்1 33 பக்கம் இறங்கி இரு சங்கிலிகளுக்கும் நடுவே வெற்றிடத்தில் தனியாக நிற்கும். கனச் சங்கிலியும் தன் சர்க்கரையை இழந்து லேசாக இறங்கும், ஆனால் 50ஐ விட்டுத் தூரம் போகாது. பான்சோ சாயத்தில் 36 பக்கம் ஒரு பட்டை தெரிந்தால் அது அந்த என்சைமே, திகைக்க வேண்டாம். பீட்ஸ் மட்டும் போட்ட லேன், இழுக்கப் போட்ட ஆன்டிபாடியின் ஐசோடைப்போடு இழுத்த லேன், 5 சதவீத இன்புட் லேன், இந்த மூன்றும் அதே ஜெல்லில் இருக்கணும், வேறு ஜெல்லில் அல்ல.